நாரைக்குத் தேதி தெரியாது

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறரை மணி இருக்கும். கூந்தன்குளம் கரையில் ஒரு வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், என் எண்பத்தோரு வயது சித்தப்பா, அவருடைய பேத்தி. பிளாஸ்கில் காபி, தூக்குவாளியில் இட்லி, அட்டை பிய்ந்த பழைய வேதாகமம் ஒன்று. பேத்தியின் கையில் செல்போன் இல்லை. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை.

சித்தப்பா மகன் எனக்குத் தம்பி. அவன் மகளுக்குப் பதினைந்து வயது. இன்னும் எங்களுக்கு அவள் 'பாப்பா'தான். இரண்டு வாரம் முன்னால் தம்பி போன் செய்தான். "அக்கா, பிள்ளை ராத்திரி தூங்க மாட்டேங்கா. கேட்டா ஒண்ணுமில்லைங்கா. நீ ஒருநாள் வந்து பேசு."

போனேன். பரீட்சை பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பத்தாம் வகுப்பு, மார்ச்சில் பொதுத்தேர்வு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவள், எத்தனை பிள்ளைகளுக்கு இந்த ஆறுதலைச் சொல்லியிருப்பேன்!

ஆனால் அவள் கேட்டது வேறு. "உலகம் முடியப் போகுதாமே அத்தே? தேதியெல்லாம் சொல்லுதாவ. பரீட்சைக்கு முன்னாலயே எல்லாம் முடிஞ்சிரும்னா, நான் எதுக்கு ட்ரிக்னாமெட்ரி படிக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. கண்ணுக்குக் கீழே கருவளையம். போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு வீடியோ பார்த்தால் அடுத்த வீடியோ தானாக வருகிறதல்லவா, அப்படி வரிசையாக ஐம்பது அறுபது. உலக வரைபடத்தில் சிவப்பு அம்பு, பின்னணியில் இடி முழக்கம், தானியேல் புத்தகத்திலிருந்தும் வெளிப்படுத்தலிலிருந்தும் எண்களை எடுத்துக் கூட்டிக் கழிக்கும் ஒரு குரல். எல்லாவற்றையும் ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

"இந்தப் புத்தகங்களை நீ எப்பவாவது வெளியில உக்காந்து வாசிச்சிருக்கியாட்டி?" என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்தக் கேள்வி என்னுடையது அல்ல, என் அப்பாவுடையது. கோடை விடுமுறையில் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், வேதாகமத்தை எடுத்துக்கொண்டு எங்களைக் காட்டுக்குக் கூட்டிப் போவார். காடு என்றால் பெரிய காடு இல்லை, பனங்காடுதான். தீர்க்கதரிசிகள் எல்லாரும் வெளியில் கிடந்தவர்கள், வீட்டுக்குள் வைத்து வாசித்தால் பாதி புரியாது என்பார். ஆமோஸ் ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பறித்தவர். அந்தப் பழத்தைக் காயாக இருக்கும்போதே கத்தியால் லேசாகக் கீறிவிட வேண்டும். அப்போதுதான் சில நாளில் பழுக்கும். எகிப்திலும் அந்தப் பக்கத்திலும் காலங்காலமாகச் செய்துவந்த வேலை அது. கீறினால்தான் பழுக்கும் என்று தெரிந்த ஒரு மனிதர் நாட்டைப் பற்றிப் பேசினால் எப்படிப் பேசுவார்! இப்போது ஆமோஸை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கத்திதான் ஞாபகம் வருகிறது.

எரேமியாவும் அப்படித்தான். அவருக்குக் காட்டப்பட்ட முதல் காட்சியே ஒரு வாதுமைக் கிளை. சின்ன வயதில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற வாதாமரம்தான் அது என்று நினைத்திருந்தேன். அகல இலை, சிவந்து விழும், கொட்டையை உடைத்துத் தின்போமே, அது. கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, நம்ம ஊர் வாதாமரம் வேறு சாதி. எரேமியா பார்த்தது கடையில் நாம் வாங்கும் பாதாமின் மரம். அந்தத் தேசத்தில் குளிர் முடிவதற்குள், இலைகூட விடாமல், மற்ற மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும்போது முதலில் பூப்பது அது. எபிரெய மொழியில் அதற்குப் பெயர் 'ஷாகேத்'. விழித்துக் காத்திருப்பதற்கான சொல் 'ஷோகேத்'. பூத்த கிளையைப் பார்த்ததும் அவருக்குக் கேட்ட செய்தி, நான் விழித்திருக்கிறேன் என்பது. தமிழில் வாசிக்கும் நமக்கு அந்தச் சொல் விளையாட்டு பிடிபடாது. மரத்தையாவது சரியாகத் தெரிந்துகொண்டால் பாதி கிடைக்கும்.

சரி, கூந்தன்குளத்துக்கு வருகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் இருக்கும், நாங்குநேரிப் பக்கம். 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்தார்கள். அரசாங்கம் பலகை வைப்பதற்கு வெகுகாலம் முன்னாலிருந்தே ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளைத் தங்கள் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக் கொல்லையில், தெருவோரத்து மரத்தில் எல்லாம் கூடு. துணி காயப்போட்டால் எச்சம் விழும், மீன் நாற்றம் அடிக்கும். தீபாவளிக்கு வெடி கிடையாது. கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் எடுத்து வளர்ப்பார்கள். குளத்து வண்டலோடு பறவை எச்சமும் சேர்ந்து வயலுக்கு உரமாகிறது என்று சொல்வார்கள். பறவை வந்தால் விளைச்சல் உண்டு என்பது அங்கே நம்பிக்கை மட்டுமல்ல, வரவு செலவுக் கணக்கும்தான்.

நாங்கள் போன அன்று கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் இருந்தன. தூரத்தில் தண்ணீரில் ஒரு கூட்டம் வரித்தலை வாத்து. திபெத், மங்கோலியாப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை. ஆனால் எங்கள் தலைக்கு மேலே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது மஞ்சள் மூக்கு நாரைதான். பெரிய பறவை, மஞ்சள் அலகு, வால் பக்கம் ரோஜா நிறத்தைத் தொட்டு வைத்தது போல் இருக்கும். பெரிதான பிறகு இதற்குக் குரல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, அலகைத்தான் தட்டும். கத்துவதெல்லாம் குஞ்சுகள்.

"எரேமியா எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனம் வாசி" என்றேன்.

வாசித்தாள். வானத்து நாரைக்குத் தன் வேளை தெரியும், புறாவுக்கும் தகைவிலானுக்கும் வரவேண்டிய காலம் தெரியும், என் ஜனங்களுக்குத்தான் தெரியவில்லை என்பது அந்த வசனத்தின் கருத்து. வாசித்துவிட்டு மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எரேமியாவைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கிறிஸ்துவுக்கு முன் 627 வாக்கில் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் பேசியவர். எருசலேமுக்கு வடகிழக்கே நாலைந்து கிலோமீட்டரில் இருந்த ஆனதோத் அவர் ஊர். ஒரு பக்கம் நகரம், இன்னொரு பக்கம் யூதேயா வனாந்தரம். அந்த வானம் பறவைகளின் நெடுஞ்சாலை. ஐரோப்பாவின் வெள்ளை நாரைகள் குளிருக்கு ஆப்பிரிக்கா போய்த் திரும்பும். உடம்பு கனமான பறவை, இறக்கையை அடித்துக்கொண்டே அவ்வளவு தூரம் போக முடியாது. நிலம் சூடாகிக் காற்று மேலெழும் இடத்தில் வட்டமடித்து ஏறி, அப்படியே மிதந்து போகும். கடலின் மேல் அப்படி ஏறும் காற்று கிடைக்காது. அதனால் ஒரு பெருங்கூட்டம் மத்தியதரைக் கடலைச் சுற்றிக்கொண்டு அந்தத் தேசத்தின் வழியாகத்தான் போகும். இன்றைக்கும் வசந்தகாலத்தில் லட்சக்கணக்கில் போகிறது. ஆனதோத்துப் பிள்ளை ஒருவன் வருஷா வருஷம் அண்ணாந்து பார்த்து வளர்ந்திருப்பான். அந்த நாரைக்கு எபிரெயத்தில் 'ஹசிதா' என்று பெயர். கருணை, பாசம் என்று பொருள்படும் 'ஹெசெத்' என்ற சொல்லோடு பிறந்த சொல்.

"நாரைக்கு எப்படி அத்தே தேதி தெரியுது?"

உயிரியல் டீச்சரிடம் கேட்கவேண்டிய கேள்விதான். பகல் பொழுது கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பறவைகள் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும் வெளிச்சத்தை உணர்கிற செல்கள் மூளைக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் இந்த மஞ்சள் மூக்கு நாரையிடம் இன்னொரு வேடிக்கை உண்டு. ராஜஸ்தானில் பரத்பூர் என்று ஓர் இடம், அங்கேயும் இதே நாரை. அங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் கூடு கட்டும். இங்கே தை, மாசியில் கட்டுகிறது. ஒரே பறவைக்கு இரண்டு காலண்டர். ஏனென்றால் அங்கே தென்மேற்குப் பருவமழை, நமக்கு வடகிழக்கு. மழை பெய்து, தண்ணீர் நிறைந்து, மீன்குஞ்சு பெருகும்போது தன் குஞ்சு வாய் திறக்க வேண்டும். அதுதான் அதன் கணக்கு.

"அப்ப அதுக்குத் தேதி தெரியாதா?"

"தேதி தெரியாதுட்டி. தண்ணி தெரியும்."

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அந்த வசனம் இன்னும் கொஞ்சம் திறந்தது. எரேமியா தன் ஜனத்தைக் கோபித்துக்கொண்டது, வருங்காலத்தைக் கணக்குப் போடத் தெரியவில்லை என்பதற்காக அல்ல. நிற்கிற காலம் எது, அதில் செய்யவேண்டியது என்ன என்று தெரியவில்லை என்பதற்காக. அவர் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் மாடி வீடு கட்டிய ராஜாவை ஏசுகிறார். விதவையை, அநாதையை, அந்நியனை ஒடுக்காதே என்கிறார். ஒன்றும் சரியில்லாதபோது எல்லாம் சமாதானம் என்று பூசி மெழுகுகிறவர்களைத் திட்டுகிறார். சிவப்பு அம்பு போட்ட வீடியோவில் இந்த அதிகாரங்கள் ஒன்றுகூட இல்லை. நானும் பொறுமையாக ஏழெட்டு பார்த்தேன்.

வருவதைப் பற்றி வேதம் பேசவில்லை என்று நான் சொல்லவில்லை. நானும் நம்புகிறவள்தான். ஆனால் அந்த நாளும் நாழிகையும் தேவதூதருக்கும் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது என்று சொன்ன இயேசு, அதே பேச்சில் அத்திமரத்தைப் போய்ப் பார் என்கிறார். கிளை இளகித் துளிர் விட்டால் கோடை பக்கம் என்று உனக்குத் தெரிகிறதே என்கிறார். அங்கேயும் மரம்தான்.

தேதி வைத்தவர்கள் வேண்டிய அளவு உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று காத்திருந்தார்கள். அந்த நாளுக்குப் 'பெரும் ஏமாற்றம்' என்றே வரலாற்றில் பெயர். 2011 மே 21 என்று ரேடியோவில் சொன்னார் ஹெரால்ட் கேம்பிங். 2020-ல் வட இந்தியாவுக்கு வெட்டுக்கிளி வந்ததும் யோவேல் புத்தகத்தைப் போட்டு எத்தனை பார்வேர்டு! 2018-ல் அரேபியப் பாலைவனத்தில் இரண்டு புயல் மழை கொட்டி, வெட்டுக்கிளி பெருகத் தொடங்கியதுதான் அதன் மூலம். நம் கிருஷ்ணகிரிப் பக்கம் எருக்கஞ்செடியில் கண்டவை உள்ளூர் வெட்டுக்கிளிதான் என்று வேளாண் துறைக்காரர்கள் போய்ப் பார்த்துச் சொன்னார்கள். செடியில் இருப்பது என்ன பூச்சி என்று பார்ப்பதற்கு முன்னாலேயே பார்வேர்டு போய்விடுகிறது.

இதையெல்லாம் நான் பாப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தபோது, நாக்கு நுனி வரை ஒரு தேதி வந்து நின்றது. 1999 டிசம்பர் 31. சொல்லவில்லை. பக்கத்தில் சித்தப்பா இருந்தார். இட்லியை மெதுவாகப் பிய்த்துத் தின்றுகொண்டு, நாரையைப் பார்த்துக்கொண்டு. பறவை பார்க்க நானும் வரட்டா என்று அவராகக் கேட்டதால் கூட்டி வந்திருந்தோம்.

பேச்சை மாற்றுவதற்காகத்தான் எரேமியாவின் மற்றக் கதைக்குப் போனேன். இருபத்தெட்டாம் அதிகாரத்தில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். பாபிலோன் கொண்டுபோன எல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்று கோயிலில் வைத்து எல்லார் முன்னாலும் சொல்கிறார். எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். எரேமியா சண்டை போடவில்லை. ஆமென், அப்படியே நடக்கட்டும் என்றுதான் முதலில் சொல்கிறார்! நல்லது நடந்தால் அவருக்கும் சந்தோஷம்தானே. ஆனால் அவர் சொல்லவேண்டியிருந்த கணக்கு எழுபது வருஷம். சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதம் அடுத்த அதிகாரத்தில். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற ஊரின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள்.

"எழுபது வருசமா?" என்று சித்தப்பா கேட்டார். அதுவரை வாயே திறக்கவில்லை. "பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்ங்கிற மாதிரில்லா இருக்கு."

"ஆமா சித்தப்பா. அடுத்தது முப்பத்திரண்டாம் அதிகாரம். நிலம் வாங்குத கதை." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாப்பா அதற்குள் பக்கத்தைத் திருப்பி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எருசலேமைச் சுற்றிப் பாபிலோன் படை. நகரம் விழப் போகிறது என்று சொன்னதற்காகவே எரேமியாவைக் காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான் ராஜா. அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், பங்காளி உரிமை உனக்குத்தான் என்கிறான். எதிரி படை நிற்கிற நாட்டில் நிலம்! எந்தப் புத்தியுள்ளவனும் தொடமாட்டான். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். நம்ம பதிவு அலுவலகம் தோற்றது, அவ்வளவு முறையாக நடக்கிறது. சாட்சிகள் கையெழுத்து, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் பாருக்கு என்பவரிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். மண்பாண்டத்தில் வைத்தால் எவ்வளவு நாள் இருக்கும் என்பதை 1947-ல் சவக்கடல் ஓரத்துக் குகையில் ஜாடிகளைக் கண்ட ஆடு மேய்க்கிறவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். இரண்டாயிரம் வருஷத்துத் தோல் சுருள்கள் அதிலிருந்துதான் வெளியே வந்தன.

எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்தது, வாங்கிய பிறகு எரேமியாவுக்கே சந்தேகம் வருகிறது. நகரம் போகப்போகிறது, என்னைப் போய் நிலம் வாங்கச் சொன்னீரே என்று கடவுளிடம் கேட்கிறார். இங்கே இனியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்பதுதான் பதில்.

பாப்பா என் போனை வாங்கிக் கணக்குப் போட்டாள். ஒரு சேக்கல் பதினொன்றரை கிராம் பக்கம் என்று சொன்னேன். பதினேழு சேக்கல், இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. "இவ்வளவு வெள்ளிக்கு ஒரு நிலமா அத்தே!"

"அவரு அதுல வெள்ளாமை வச்சாரா?" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா. நகரம் விழுந்துது. கடைசியில அவரை எகிப்துக்குக் கொண்டுட்டுப் போயிட்டாங்க. நிலத்துக்குத் திரும்பி வந்ததா எங்கயும் எழுதலை." எஸ்றா புத்தகத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. வெறும் பெயரும் எண்ணுமாக இருக்கும், யாரும் வாசிக்கமாட்டோம். அதில் ஆனதோத்து ஆட்கள் 128 பேர். அதையும் சொன்னேன்.

வெயில் ஏறிவிட்டது. மேலே ஒரு கூட்டில் தாய் நாரையோ தகப்பன் நாரையோ, வெயில் வரும் பக்கமாக நின்று இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றது. அசையவே இல்லை. வாய் மட்டும் திறந்து மூச்சு வாங்கியது. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் வித்துட்டேன் பிள்ளே."

"எதைத் தாத்தா?"

"எம்பது சென்ட்டு. இருபத்திமூணு பனை, கிணத்துல பாதிப் பங்கு."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவர் வாயிலிருந்து வராத பேச்சு. இதை எழுதலாமா என்று பிறகு கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றார்.

1999 மழைக்காலத்தில் ஊருக்கு வந்த ஒரு பிரசங்கியார் கரும்பலகை வைத்து, சாக்பீஸால் கணக்குப் போட்டு, இந்த வருஷத்தோடு சரி என்றார். கேட்டவர்கள் பலர் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா மட்டும் நவம்பரில் நிலத்தை விற்றார், அவசரத்துக்கு விற்பவனுக்குக் கிடைக்கும் விலைக்கு. கடனை எல்லாம் அடைத்தார், அது நல்ல காரியம்தான். மிச்சத்தைக் காணிக்கையாகக் கொடுத்தார். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. எல்லாரும் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னோம், கேக் கொடுத்தார்கள். சித்தப்பா கோயில் வெளித்திண்ணையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். நான் பக்கத்தில் போகவில்லை. அது என் குறை. காலையில் பழக்க தோஷத்தில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்குப் போயிருக்கிறார். வரப்பு வரை போய்த் திரும்பி வந்தார். தம்பிக்குப் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷத்தோடு நின்றது. அவன் இன்றைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

பாப்பாவுக்கு அப்பா ஏன் படிப்பை நிறுத்தினார் என்பது அன்றைக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டு இருந்தாள்.

"உங்களுக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சா தாத்தா? அப்போ, அந்த டிசம்பர்ல?"

"வரல. பயம். பயத்துக்குப் பக்தின்னு பேரு வச்சுக்கிட்டேன்."

"எனக்கும் வரல."

"தெரியும். மூணு மணிக்கு உன் ரூம்புல லைட்டு எரியும். நான் பாத்துக்கிட்டுத்தான் கிடந்தேன்." அதற்காகத்தான் அவர் எங்களோடு வந்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை.

பத்தரைக்குக் கிளம்பினோம். தம்பி ஆட்டோவைக் கொண்டுவந்தான். முன்னால் அவனோடு சித்தப்பா. பாதி வழியில் அவராகவே, "தெக்குப் பாதையில விடுடே" என்றார். தம்பி ஒரு நிமிஷம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான். இத்தனை வருஷமும் அந்தப் பாதையைத் தவிர்த்துச் சுற்றித்தான் போவார்கள்.

நிலத்தில் வாழை நின்றது. நல்ல வாழை, கன்று விட்டிருந்தது. வேலியோரம் பனைகள். சித்தப்பா இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே விரல் நீட்டி எண்ணினார். "இருபத்திமூணு இருந்துது. இப்ப பதினொண்ணு நிக்கு."

பாப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத் தானும் எண்ணினாள். "பன்னெண்டு தாத்தா. அந்தா, கிணத்துப் பக்கம் ஒண்ணு."

"அது வடலிட்டி. நான் விக்கையில அது கிடையாது. விழுந்த கொட்டையில முளைச்சிருக்கும்."

"அது கணக்குல சேராதா?"

கண்ணுக்கு மேல் கையை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "சேரும்," என்றார். "சேர்த்துக்க."